செதிலுக்கு முன்னால் எலும்பு

கணினியில் விசித்திர உயிரினங்களைச் செதுக்கக் கற்றுக்கொள்ள வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் டிராகன் ஆசையோடுதான் வருகிறார்கள். எனக்கும் அதே ஆசைதான். மின்னும் செதில், வாய் நிறையப் பல், முதுகு நெடுக முள். இப்போதும் அந்த ஆசை குறையவில்லை. ஆனால் இந்தக் கலை எனக்குப் பிடிபட ஆரம்பித்தது ஒரு முதலை எப்படி நிற்கிறது, ஒரு நாய் எந்த எலும்பை ஊன்றி நடக்கிறது என்று பார்க்கத் தொடங்கிய பிறகுதான். உலகத்தில் இல்லாத ஒரு மிருகத்தைப் பார்க்கிறவர் நம்ப வேண்டுமானால், அதன் எடை எங்கே இறங்குகிறது என்பது செதுக்குகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கருவியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எதை வாங்குவது என்ற யோசனையிலேயே பலர் மாதக்கணக்கில் நின்றுவிடுகிறார்கள். சினிமா, கேம் ஸ்டுடியோக்களில் இந்த வேலைக்கு அதிகம் பயன்படுவது ஸீபிரஷ் என்ற மென்பொருள். அதற்குச் சந்தா கட்ட வேண்டும். ஐபேடோ ஆண்ட்ராய்டு டேப்லெட்டோ கையில் இருந்தால் நோமாட் ஸ்கல்ப்ட் நல்ல தொடக்கம். அதை எழுதியவரே முன்பு உருவாக்கிய ஸ்கல்ப்ட்ஜிஎல் பிரவுசரிலேயே இலவசமாக ஓடும்; எதையும் இன்ஸ்டால் செய்யாமல், இந்த வேலை நமக்கு ஒத்துவருமா என்று ஒரே மாலையில் பார்த்துவிடலாம். நான் வேலை செய்வது பிளெண்டரில். 2002இல் பயனர்களும் ஆதரவாளர்களும் சேர்ந்து ஒரு லட்சம் யூரோ திரட்டி, அந்த மென்பொருளின் நிரலை எல்லோருக்கும் பொதுவாக்கினார்கள். முகம் தெரியாத அந்த மனிதர்கள் கொடுத்த பணத்தின் பலனை நான் என் வீட்டு மேசையில் அனுபவிக்கிறேன். அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு.

காசு செலவு செய்வதாக இருந்தால் பேனாவுக்குச் செய்யுங்கள். திரை இல்லாத சின்ன பேனா டேப்லெட் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. மவுஸால் இழுக்கும்போது எல்லாக் கோடும் ஒரே ஆழத்தில் விழும். பேனாவில் கையின் அழுத்தம் அப்படியே மெஷ்ஷில், அதாவது உருவத்தின் மேற்பரப்பாக இருக்கும் கண்ணி வலையில், இறங்கும். தசை தடித்துப் பின் மெலிந்து எலும்போடு ஒட்டும் இடத்தை, அழுத்தம் தெரியாத ஒரு கருவியால் கொண்டுவருவது பெரும்பாடு.

சரி, வேலைக்கு வருவோம்.

ஒரு உருண்டையில் தொடங்குகிறோம். அதை இழுத்து உடம்பு, கழுத்து, தலை என்று நீட்டும்போது அந்த இடத்தில் பாலிகான்கள் (மெஷ்ஷின் சின்னச் சின்ன முகங்கள்) இழுபட்டுப் பெரிதாகி, பிரஷ் எதற்கும் மெஷ் பிடிகொடுக்காமல் போகும். அப்போது வாக்செல் ரீமெஷ் செய்தால் மேற்பரப்பு முழுவதும் ஒரே அளவுக் கட்டங்களாக மறுபடி பின்னப்படும். இதில் இரண்டு விஷயம் தெரிந்திருந்தால் நிறைய எரிச்சல் மிச்சமாகும். வாக்செல் அளவை, அதாவது அந்தக் கட்டத்தின் அளவை, பாதியாக்கினால் பாலிகான் எண்ணிக்கை ஏறக்குறைய நான்கு மடங்காகும். அப்புறம், வாக்செல் அளவைவிட மெல்லிய பாகம் எதுவும் ரீமெஷ்ஷில் தப்பாது. காது மடல் ஓட்டையாகும், நெருங்கி நிற்கும் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதனால் இந்தக் கட்டத்தில் விரல்களைத் தடியாகவும் விரித்தும் வையுங்கள். மெலிய வைப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நான்கு மடங்குக் கணக்கு, ஒவ்வொரு முகத்தையும் படிப்படியாக நான்காகப் பிரிக்கும் மல்டிரெஸ்ஸிலும் வரும். 10,000 முகங்கள் உள்ள ஒரு மெஷ் முதல் படியில் 40,000, அடுத்ததில் 1,60,000, மூன்றாவதில் 6,40,000, நான்காவதில் 25 லட்சத்தைத் தாண்டும். என்னுடைய சாதாரண லேப்டாப் அந்த இடத்தில் மூச்சு வாங்கும். ஆனால் குறைந்த எண்ணிக்கையிலேயே நீண்ட நேரம் தங்கி வேலை செய்வது லேப்டாப்புக்காக மட்டும் சொல்லும் யோசனை இல்லை. சில ஆயிரம் பாலிகான்களில் தோள்பட்டையை இடம் மாற்ற ஒரே இழுப்பு போதும். சில லட்சம் ஆன பிறகு அதே தோள்பட்டையை நகர்த்தினால் மேடும் பள்ளமுமாகக் குழம்பும். அதுவரை செதுக்கிய சுருக்கங்களை இழக்க மனம் வராது. தோள்பட்டை தவறான இடத்திலேயே நின்றுவிடும்.

பிளெண்டரில் பிரஷ்கள் டஜன் கணக்கில் இருக்கின்றன. உருவத்தைப் பிடித்து இழுக்க கிராப், தசையை அப்பி ஏற்ற கிளே ஸ்டிரிப்ஸ், மடிப்பை வெட்ட கிரீஸ், கொம்பு வால் மாதிரி நீளமானவற்றை உருவி எடுக்க ஸ்னேக் ஹூக். ஷிஃப்ட்டை அழுத்தினால் ஸ்மூத், கன்ட்ரோலை அழுத்தினால் பெரும்பாலான பிரஷ்கள் தலைகீழாக வேலை செய்யும், எஃப் அழுத்தினால் அளவு மாறும். ஒரு முழு உயிரினத்தை முடிக்க இவை போதும். ஸ்மூத்தை மட்டும் சிக்கனமாகப் பயன்படுத்துங்கள். அடிக்கடி அதைத் தேய்த்தால் எலும்பு முனைகள் எல்லாம் கரைந்து, உருவம் சோப்புக்கட்டி ஆகிவிடும்.

இனி நான் அதிகம் பேச விரும்பும் விஷயம்.

என் சித்தி மகள் கால்நடை மருத்துவம் படிக்கிறாள். நான் செதுக்கிக்கொண்டிருந்த நான்குகால் மிருகம் ஒன்றைத் திரையில் பார்த்துவிட்டு, “அக்கா, இதோட முழங்கால் எது, குதிகால் எது?” என்று கேட்டாள். அப்புறம் தன் பாடநோட்டை எடுத்துவந்து நாயின் பின்னங்கால் எலும்புகளை வரைந்து காட்டினாள். நாயின் பின்னங்காலில் பின்னோக்கி மடிவதுபோலத் தெரிகிறதே, அது முழங்கால் இல்லை. அதுதான் குதிகால். முழங்கால் அதற்கு மேலே, வயிற்றை ஒட்டினாற்போல முன்னோக்கி மடிகிறது. நாய் தன் விரல்களை ஊன்றி நடக்கிறது. கரடியும் மனிதனும் உள்ளங்கால் முழுவதையும் தரையில் வைக்கிறார்கள். குதிரை ஒவ்வொரு காலிலும் நடுவிரலின் நுனியில், நகத்தின் மேல் நிற்கிறது. யானையின் கால் தூண்போலத் தெரிந்தாலும் உள்ளே எலும்பு விரல்நுனியில்தான் நிற்கிறது, பின்னால் கொழுப்பு மெத்தை ஒன்று தாங்குகிறது.

எல்லாம் அதே எலும்புகள்தான். தொடை, முழங்கால், கணுக்கால், குதிகால், விரல் என்ற வரிசை மாறுவதே இல்லை. நீளமும் கோணமும்தான் மாறுகின்றன. கழுத்தும் அப்படித்தான். எலிக்கும் ஒட்டகச்சிவிங்கிக்கும் நமக்கும் கழுத்து எலும்பு ஏழுதான். பாலூட்டிகளில் இதற்கு விதிவிலக்கு மிகச் சில. இது எனக்குள் இறங்கிய பிறகு, புது மிருகத்தை எங்கிருந்து தொடங்குவது என்ற திகைப்பு போய்விட்டது. எலும்பு வரிசையை முதலில் மெல்லிய உருளைகளாக வைத்துவிடுவேன். எது நீளம், எது குட்டை, எங்கே மடிகிறது என்று முடிவு செய்வேன். அதன் மேல்தான் சதை.

அவள் சொன்னதில் இன்னொன்று, தோள்பட்டை. நாய், பூனையின் தோள்பட்டை எலும்பு விலாக்கூட்டோடு எலும்பால் இணைந்திருக்கவில்லை. தசைகள்தான் அதைக் கட்டி வைத்திருக்கின்றன. பூனை பதுங்கி நடக்கும்போது முதுகுக்கு மேல் இரண்டு மேடு மாறி மாறி எழுவதற்கு அதுதான் காரணம். நான்குகால் மிருகம் செதுக்குகிறவர் இந்த மேட்டைச் சரியான இடத்தில் வைத்துவிட்டால், உடம்பு முன்னங்கால்களுக்கு நடுவே தொங்குவதுபோல ஒரு உயிரோட்டம் தானாக வந்துவிடும்.

என் டிராகனுக்கு ஊர்வன உடம்பு வேண்டும். அதற்கு நான் போனது சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், வடநெம்மேலியில் உள்ள முதலைப் பண்ணைக்கு. 1976இல் ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகர் தொடங்கியது. நான் ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு போவேன். முதலை அசையாமல் கிடக்கும் என்பதால் வரைய இதைவிட நல்ல மாடல் கிடைக்காது. அது எழுந்து நடக்கும் சில நொடிகளுக்காகக் காத்திருப்பதுதான் முக்கியம். படுத்திருக்கும்போது கால்கள் பக்கவாட்டில் பரந்து கிடக்கும். நடக்க எழும்போது கால்கள் உடம்புக்குக் கீழே வந்து, வயிறு தரையைவிட்டு உயரும். ஒரே மிருகம், இரண்டு முழுக்க வேறு வடிவங்கள். பல்லி மாதிரி பரந்து நிற்பதா, காலை ஊன்றி உயர்ந்து நிற்பதா என்பதை என் டிராகனுக்கும் முதலிலேயே முடிவு செய்ய வேண்டும் என்று அங்கேதான் தோன்றியது.

சதுப்புநில முதலையைப் பக்கத்தில் நின்று பார்த்தால் நோட்டில் எழுத எவ்வளவோ இருக்கிறது. தலையின் நீளத்தைப்போலச் சுமார் ஏழு மடங்கு மொத்த நீளம். அதில் ஏறக்குறைய பாதி வால். மூக்குத் துளை, கண், காது எல்லாம் தலையின் மேல் விளிம்பில், தண்ணீருக்கு வெளியே நிற்கும்படி வரிசையாக இருக்கின்றன. முன்பாதத்தில் ஐந்து விரல், பின்பாதத்தில் நான்கு. உள்பக்கத்து மூன்று விரல்களுக்குத்தான் நகம். வாய் மூடியிருந்தாலும் கீழ்த்தாடையின் நான்காவது பல் வெளியே தெரியும். தாடை மூட்டு கண்ணுக்கு வெகு பின்னால் இருக்கிறது. அங்கே, தாடையின் பின்கோடியில், வாயை மூடும் தசை ஒரு பெரிய புடைப்பாகத் திரண்டிருக்கிறது. டிராகன் தலை செதுக்குகிறவர்கள் வாய் மூட்டைக் கண்ணுக்கு நேர் கீழே வைப்பது வழக்கம். அதைப் பின்னால் தள்ளி, அந்தப் புடைப்பையும் சேர்த்துப் பாருங்கள். கடிக்கும் வலு முகத்துக்கு வந்துவிடும்.

செதில் விஷயத்திலும் முதலையிடம் கற்க நிறைய உண்டு. உடம்பு முழுவதும் ஒரே செதில் கிடையாது. முதுகில் தோலுக்குள் எலும்புத் தட்டுகள் வரிசையாகப் பதிந்திருக்கின்றன. கழுத்தின் மேல் நான்கு பெரிய தட்டுகள் சதுரமாக நிற்கின்றன. வயிற்றில் வழவழப்பான செவ்வகங்கள், விலாவில் சின்ன வட்டங்கள், தொண்டையில் தளர்ந்த மடிப்பு. வாலின் மேல் இரண்டு வரிசையாக ஓடும் முகடுகள் பாதி வழியில் ஒன்றாகச் சேர்கின்றன. முகத்தில் மட்டும் எந்த ஒழுங்கும் இல்லாத பிளவுகள். எங்கே உடம்பு மடிகிறதோ அங்கே சின்னச் செதில், எங்கே காப்பு தேவையோ அங்கே பெரிய தட்டு. ஆல்ஃபா எனப்படும் கறுப்பு வெள்ளை அச்சுப் படம் ஒன்றை எடுத்து உடம்பெங்கும் ஒரே அளவில் முத்திரை குத்தினால் பிளாஸ்டிக் பொம்மை கிடைப்பதன் காரணம் இதுதான்.

நேரில் போக முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. ஸ்மித்சோனியன் நிறுவனம் 2020இல் தன் சேகரிப்பிலிருந்து லட்சக்கணக்கான படங்களையும் 3டி மாடல்களையும் யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. ஸ்கெட்ச்ஃபேப் தளத்தில் பல அருங்காட்சியகங்கள் ஸ்கேன் செய்த மண்டையோடுகளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். சென்னையில் இருப்பவர்களுக்கு எழும்பூர் அருங்காட்சியகத்தின் விலங்கியல் பிரிவில் எலும்புக்கூடுகள் இருக்கின்றன. ஏஐ வரைந்த மிருகப் படங்களை மட்டும் ரெஃபரன்ஸாக வைக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். பார்க்க அழகாக இருக்கும். மூட்டுகளை எண்ணிப் பார்த்தால் ஒன்று கூடவோ குறையவோ இருக்கும். கற்கும் காலத்தில் அது கண்ணையே கெடுத்துவிடும்.

இறக்கைக்கு வருகிறேன். நான்கு காலும் இரண்டு இறக்கையும் உள்ள டிராகன் என்றால் ஆறு அவயவங்கள். உண்மையில் எந்த முதுகெலும்புள்ள மிருகத்துக்கும் அப்படி இல்லை. பறவைக்கும் வௌவாலுக்கும் முன்னங்கால்தான் இறக்கையானது. வௌவாலின் இறக்கை முழுவதும் ஒரு கை; நான்கு விரல்கள் குடைக்கம்பிபோல நீண்டு தோலைத் தாங்குகின்றன, கட்டைவிரல் மட்டும் நகத்தோடு தனியே நிற்கிறது. டைனோசர் காலத்தில் பறந்த டெரோசர்களுக்கு நான்காம் விரல் ஒன்றே நீண்டு இறக்கையைப் பிடித்தது. ஆறு அவயவம் வேண்டும் என்று முடிவு செய்தால் இரண்டாவது தோள்பட்டைக்கு இடம் கொடுக்க வேண்டும், இறக்கையை அடிக்கும் தசைக்கு நெஞ்சை ஆழமாக்க வேண்டும். பறவையின் மார்பெலும்பு படகின் அடிப்பகுதிபோல முன்துருத்தி இருப்பது அந்தத் தசை ஒட்டுவதற்காக. நான் இறக்கைத் தோளை முன்னங்கால் தோளுக்குச் சற்றுப் பின்னால், மேலே வைத்தேன். அதற்காக விலாக்கூடு நீண்டது. கழுத்து குட்டையானது. ஒரு முடிவு அடுத்த முடிவைத் தானாகவே கேட்கும். இந்த வேலையில் எனக்கு மிகப் பிடித்த கட்டம் அதுதான்.

இல்லாத மிருகத்தை நம்ப வைக்கும் வித்தை நம் கோயில் சிற்பிகளுக்குக் கைவந்த ஒன்று. மதுரை மீனாட்சி கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்திலும் வேலூர் ஜலகண்டேஸ்வரர் கோயிலின் கல்யாண மண்டபத்திலும் தூணோடு தூணாகப் பாயும் யாளிகளை, செதுக்கக் கற்ற பிறகு போய்ப் பாருங்கள். சிங்க உடம்பும் யானைத் துதிக்கையும் எங்கே சேர்கின்றன என்று தேடினால் தையல் தெரியாது. துதிக்கை நெற்றியோடு சேர்ந்தே அகலமாக இறங்குகிறது, பிடரி சேருமிடத்தை மூடுகிறது, பின்னங்கால்கள் முழு எடையையும் வாங்கி ஊன்றி நிற்கின்றன. முகத்தின் நீளத்தை ஒரு தாலம் என்று வைத்து உடம்பை அளக்கும் சிற்ப மரபு நமக்கு உண்டு. நான் அந்த வழக்கத்தை எடுத்துக்கொண்டு, என் மிருகத்தின் தலை நீளத்தில் ஒரு உருளையைச் செய்து பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன். கழுத்து இத்தனை தலை, வால் இத்தனை தலை என்று அளந்துகொண்டே போனால் அளவுகள் வழுக்கிப் போவதில்லை.

வேலை நடுவே செய்ய வேண்டிய சில சோதனைகள். வியூபோர்ட்டில் (உருவத்தைப் பார்க்கும் சாளரத்தில்) லைட்டிங்கை ஃப்ளாட் ஆக்கி, உருவத்தைக் கறுப்பாகவும் பின்னணியை வெள்ளையாகவும் மாற்றிச் சுற்றிப் பாருங்கள். நிழலுருவத்தை வைத்தே அது எந்தப் பக்கம் பார்க்கிறது, எந்தக் காலில் நிற்கிறது என்று தெரிய வேண்டும். பிளெண்டர் வியூபோர்ட்டின் லென்ஸ் இயல்பாக 50 மில்லிமீட்டர். தலையை நெருங்கிச் செதுக்கும்போது 80க்கு மேல் ஏற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் மூக்கு பெருத்துத் தெரிவதைப் பார்த்து நீங்கள் அதைச் சிறுக்க வைப்பீர்கள், தள்ளி நின்று பார்க்கும்போது முகம் சப்பையாகியிருக்கும். கோப்பை எண் போட்டுத் தனித்தனியாகச் சேமியுங்கள். நேற்றைய வடிவம் இன்றையதைவிட நன்றாக இருப்பது அடிக்கடி நடக்கும்.

கண்ணைத் தனி உருண்டையாக வைத்து, இமையை அதன் மேல் போர்த்துங்கள். இமைக்குத் தடிமன் உண்டு. அந்த விளிம்பு இல்லாத கண் ஸ்டிக்கர் ஒட்டியதுபோல இருக்கும். பல்லும் நகமும்கூடத் தனித்தனி ஆப்ஜெக்ட்டாக இருக்கட்டும். ரீமெஷ் அவற்றைத் தின்றுவிடாது, பிறகு ஒவ்வொன்றையும் கொஞ்சம் திருப்பி வைக்கவும் முடியும்.

ஒரு பக்கம் செய்வதை மறுபக்கமும் செய்யும் சிமெட்ரியைப் போட்டுக்கொண்டு வேலையைப் பெரும்பாலும் முடிக்கலாம், ஆனால் போஸ் கொடுக்கும் நேரத்தில் அதை அணைத்துவிட வேண்டும். அசையக்கூடாத பகுதிகளை மாஸ்க் போட்டு மறைத்து ஒரு காலைத் திருப்பினால் எதிர்ப்பக்க இடுப்பு சாயும், முதுகெலும்பு வளையும், வால் மறுபக்கம் போய் எடையைச் சமன் செய்யும். தெருநாய் ஒன்று காலைத் தூக்கிச் சொறிவதைப் பார்த்தாலே இது முழுவதும் புரிந்துவிடும். போஸ் முடிந்த பிறகுதான் தோல் மடிப்புகளைச் செதுக்குகிறேன். நீளும் பக்கம் தோல் இழுபட்டு வழவழக்கும், மடங்கும் பக்கம் குறுக்கு மடிப்புகள் விழும். நேராக நிற்கும்போது போட்ட மடிப்புகள் போஸ் மாறியதும் அர்த்தமில்லாமல் கிடக்கும். அசையப்போகும் உயிரினம் என்றால் கதை வேறு. அதற்கு ரீடோபாலஜி செய்து, பாலிகான்களைத் தசையின் ஓட்டத்தோடு புதிதாக அடுக்கி, ரிக், அதாவது அசைக்கும் எலும்புச் சட்டம், போட வேண்டும். அது தனிப் படிப்பு. செதுக்கக் கற்கும் முதல் வருடத்தில் அதைத் தொட வேண்டியதில்லை என்பது என் கருத்து.

செய்த டிராகனைச் சிறிய அளவில் 3டி பிரிண்டரில் ரெசினில் அச்செடுத்தேன். திரையில் பார்த்ததற்கும் விரல்களுக்கு நடுவே வைத்துத் திருப்பியதற்கும் வித்தியாசம் பெரிது. அச்செடுக்கப்போகிறீர்கள் என்றால் நகமும் இறக்கை ஓரமும் தடிமனாக இருக்கட்டும், அச்சின்போது தாங்கும் சப்போர்ட்டைப் பிரிக்கும்போது முதலில் உடைவது அவைதான். உள்ளே குடைந்தால் ரெசின் வடிய ஒரு துளை விடுங்கள். மெல்லிய சுருக்கங்கள் அந்த அளவில் மறைந்துவிடும். கழுத்தின் திருப்பம், தோளின் மேடு, பாதம் ஊன்றிய விதம் மட்டும் எந்த அளவிலும் நிற்கும். என் சித்தி மகள் அதைக் கையில் வாங்கியதும் நேராகப் பின்னங்காலைத்தான் பார்த்தாள். குதிகால் சரி என்றாள். இடுப்பு எலும்பு இன்னும் கொஞ்சம் பின்னால் சாய வேண்டுமாம். இந்த வாரம் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.